கரடியா, பூனையா, வைத்தியரா? உருமாறும் ட்ரூயிடை விளையாடும் விதம்

ஐந்து பேர் ஒரு குகைக்குள் இறங்குகிறார்கள். முன்னால் நின்று அடி வாங்க ஒருவர், பின்னால் நின்று காயம் ஆற்ற ஒருவர், எதிரியை அடித்துச் சாய்க்க மூவர். ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ எனும் இயங்கலை விளையாட்டை ஆடியவர்களுக்கு இந்தக் கணக்கு மனப்பாடம். அடி வாங்குபவரை ‘டேங்க்’ என்பார்கள். தமிழில் ‘தாங்கி’ என்றே சொல்லிவிடலாம். பொருளும் பொருந்துகிறது, ஓசையும் பொருந்துகிறது.

போர்வீரன் தாங்கியாக இருப்பான், காயம் ஆற்றத் தெரியாது. மந்திரவாதி நெருப்பை வாரி இறைப்பான், இரண்டு அடி விழுந்தால் செத்துப்போவான். இந்த மூன்று வேலையையும் ஒரே ஆள் செய்ய முடியுமென்றால் அது ட்ரூயிட் மட்டும்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது, பாலடினும் அப்படித்தான். ஆனால், சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே கரடியாகி அடி தாங்கி, பூனையாகிக் கீறி, மறுபடி மனித உருவுக்கு வந்து நண்பனுக்கு மருந்திடும் வித்தை ட்ரூயிடுக்கு மட்டுமே உண்டு.

அதனாலேயே ட்ரூயிடைத் தேர்ந்தெடுப்பவர்களைப் பார்த்து, பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டமாட்டான் என்ற கிண்டல் எழுவதுண்டு. அந்தக் கிண்டல் முழுப் பொய்யும் அல்ல. இருபது நிலை, முப்பது நிலை தாண்டியும் பூனை உருவை விட்டு வெளியே வராத ட்ரூயிடுகள் நிறைய. அவர்கள் ஆடுவது ட்ரூயிட் அல்ல, சற்று மந்தமான ஒரு திருடன் பாத்திரம்.

முதலில் கொஞ்சம் வரலாறு. ட்ரூயிட் என்பது பழைய கெல்டிக் மக்களின் குருமார்களுக்கு வழங்கிய பெயர். காகிதமும் பகடையும் வைத்து ஆடிய ‘டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டில் 1976இல் அது ஆட்டக்காரர் ஏற்கும் பாத்திரமானது. ‘டயாப்லோ 2’ விளையாட்டின் 2001 விரிவாக்கத்தில் ட்ரூயிட் ஓநாய் மனிதனாகவும் கரடி மனிதனாகவும் மாறினான். 2002இல் வெளிவந்த ‘வார்கிராஃப்ட் 3’இல் கரடியாகும் ட்ரூயிடும் காகமாகும் ட்ரூயிடும் தனித்தனிப் படைவீரர்கள். 2004 நவம்பர் 23ஆம் தேதி வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் வெளிவந்தபோது அந்த வித்தைகள் ஒரே பாத்திரத்தில் சேர்ந்தன. அப்போது இரண்டே இனத்தவர்தான் ட்ரூயிட் ஆக முடியும்: ஓர் அணியில் நைட் எல்ஃப், எதிரணியில் காளைத் தலை கொண்ட டாரென்.

இன்று அந்த விளையாட்டு இரண்டு வடிவங்களில் கிடைக்கிறது. புதிய பதிப்பில் நான்கு சிறப்புப் பிரிவுகள் கொண்ட ஒரே பாத்திரம் ட்ரூயிட். மற்றவர்களுக்கு அதைவிடக் குறைவு. பழைய ஆட்டத்தை அப்படியே மீட்டுத் தரும் ‘கிளாசிக்’ 2019 ஆகஸ்டு 27, நம் நேரப்படி காலை ஆறு மணிக்குத் திறந்தது. நான் இங்கே பேசப்போவது கிளாசிக்கைப் பற்றி. காரணம் எளிது: அங்கே உருமாறுவதற்கு விலை உண்டு. விலை இருக்கும் இடத்தில்தான் யோசனை வரும்.

அந்த விலையின் பெயர் மானா. மந்திரம் போடத் தேவையான சக்தி அது. மிருக உருவுக்குள் நுழையும் ஒவ்வொரு முறையும் மானாவில் ஒரு நல்ல பங்கு போய்விடும். உருவைக் கலைத்து வெளியே வருவதற்கு மட்டும் செலவில்லை. கரடிக்கு வேறொரு எரிபொருள், சினம். அடி கொடுக்கவும் வாங்கவும் அது ஏறும். பூனைக்கு எனர்ஜி, இரண்டு விநாடிக்கு இருபது வீதம், நூறு வரை தானாக நிரம்பும். ஆக, ஒரே உடம்பில் மூன்று பணப்பை. ஒன்றில் இருப்பதை இன்னொன்றில் செலவழிக்க முடியாது.

இங்கேதான் பலர் கவனிக்காத ஒரு விதி வருகிறது. மானா செலவழித்து ஐந்து விநாடி வரை மானா இயல்பாக ஊறுவது நின்றுவிடும். அதன் பிறகு ஊறத் தொடங்கும். பூனையாகக் கீறிக்கொண்டிருக்கும்போது நீங்கள் மானாவைத் தொடுவதே இல்லை. எனவே சண்டை நடக்க நடக்க உள்ளே மானா நிரம்பிக்கொண்டே இருக்கும். மந்திரவாதி சண்டை முடிந்து உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும் நேரத்தில் நீங்கள் அடுத்த எதிரியிடம் போய்விடலாம். தனியாக விளையாடும் ட்ரூயிடின் வேகம் பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது. சண்டைக்கு முன் ‘ரெஜுவனேஷன்’ மந்திரத்தைத் தனக்கே போட்டுக்கொண்டு மிருகமாகிவிட்டால், உரு மாறிய பிறகும் அது பன்னிரண்டு விநாடி வேலை செய்யும்.

இப்போது ஒரு கணக்கு. பூனையாகச் சண்டை போடுகிறீர்கள், உயிர் குறைந்துவிட்டது, எதிரி சாகவில்லை. உருவைக் கலைத்து மருந்து மந்திரம் போட்டால் அடி விழுந்து மந்திரம் தாமதமாகும். என்ன செய்வது? ‘ஃபியூரர்’ என்ற திறனில் ஐந்து புள்ளி போட்டிருந்தால், கரடியாகும்போது பத்துச் சினம் இலவசமாகக் கிடைக்கும். எதிரியை மயங்கச் செய்யும் ‘பாஷ்’ அடிக்குத் தேவை சரியாகப் பத்துச் சினம். நாற்பத்தாறாம் நிலைக்குப் பின் அந்த மயக்கம் நான்கு விநாடி நீடிக்கும். ஓர் அடிக்கும் அடுத்த செயலுக்கும் இடையே ஒன்றரை விநாடி காத்திருக்க வேண்டும். மீதி இரண்டரை. ‘ரீகுரோத்’ மந்திரம் போட இரண்டு விநாடி. மயக்கம் தெளிந்து எதிரி தலை தூக்கும் முன்பே காயம் ஆறியிருக்கும், நீங்கள் மறுபடி பூனையாகும் பொத்தானில் விரல் வைத்திருப்பீர்கள்.

‘ஹீலிங் டச்’ என்ற பெரிய மருந்தை இதே இடத்தில் போட நினைத்தால் நேரம் போதாது. பெரிய மந்திரம்தான் நல்ல மந்திரம் என்று நினைப்பவர்கள் இங்கேதான் சாகிறார்கள்.

உருமாற்றத்துக்கு இன்னொரு பயன் உண்டு. எதிரி உங்கள் காலை உறைய வைத்தாலோ, வேகத்தைக் குறைத்தாலோ, உரு மாறிய கணத்தில் அந்தக் கட்டு அறுந்துவிடும். சக ஆட்டக்காரர்களோடு மோதும் களத்தில் ட்ரூயிடைப் பிடிப்பது ஏன் கடினம் என்பது இதனால்தான். மந்திரவாதி உங்களை ஆடாக மாற்றும் மந்திரமும் மிருக உருவில் பலிக்காது. ஆனால் மிருகமாகிவிட்டால் மிருகத்துக்கான மந்திரங்கள் பலிக்கும்! வேட்டைக்காரன் உங்களை மிரட்டி ஓட வைக்கலாம். எதிரணி ட்ரூயிட் உங்களைத் தூங்க வைத்துவிடலாம். விக்கிரமாதித்தன் கதையில் கூடு விட்டுக் கூடு பாய்பவர்கள் விட்டுப்போன உடலைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். ட்ரூயிடுக்கோ புகுந்த உடலில்தான் ஆபத்து.

பூனையாகவே ஆட விரும்புகிறவர்களும் உருமாற்றத்தை விட்டுவிட முடியாது. ‘ஷ்ரெட்’ என்ற பலத்த கீறலுக்கு அறுபது எனர்ஜி. திறன்புள்ளி போட்டால் நாற்பத்தெட்டு. தானாக ஊறும் வேகத்தில் அறுபது சேர ஆறு விநாடி ஆகும். ஃபியூரர் திறன் பூனையாகும்போது நாற்பது தரும். ‘வுல்ஃப்ஸ்ஹெட் ஹெல்ம்’ என்ற தோல் தலைக்கவசம் மேலும் இருபது தரும். ஆகவே எனர்ஜி தீர்ந்ததும் உருவைக் கலைத்து உடனே மறுபடி பூனையானால் கையில் அறுபது. மிச்சம் வைத்துக்கொண்டு மாறினால் அந்த மிச்சம் வீண், அதனால் ஏறக்குறைய தீர்ந்த பிறகே மாற வேண்டும். நாற்பதாம் நிலைக் கவசத்தை அறுபதாம் நிலையிலும் கழற்றாமல் திரியும் பூனை ட்ரூயிடைப் பார்த்தால் சிரிக்காதீர்கள். அவருக்குக் கணக்குத் தெரியும்.

இதை எல்லை கடந்து கொண்டுபோனவர்களும் இருக்கிறார்கள். நோமரகன் என்ற குகையில் ஓர் இயந்திரத்தை வீழ்த்தினால் ‘மேனுவல் கிரவுட் பம்லர்’ என்ற சுத்தியல் கிடைக்கும். அதை இயக்கினால் முப்பது விநாடிக்கு அடிக்கும் வேகம் பாதியளவு கூடும். மூன்று முறைதான் இயக்கலாம். அதாவது, ஒரு சுத்தியலுக்கு ஒன்றரை நிமிடம். பெரிய சண்டைகளுக்கு முன் பை நிறைய இந்தச் சுத்தியலைச் சேர்க்க, அதே குகைக்குள் திரும்பத் திரும்ப இறங்கும் ட்ரூயிடுகள் உண்டு. விடாமுயற்சியை மதிக்கிறேன். ஆனால் எஸ்.பி.எம். எழுதப்போகும் ஒருவர் ஒன்றரை நிமிட வேகத்துக்காக ஞாயிற்றுக்கிழமையைக் கொடுப்பது மோசமான வியாபாரம். சுத்தியல் இல்லாத பூனையும் சண்டை போடும்.

குழுவாக ஆடும்போது கேள்வி மாறுகிறது. தாங்கி விழுந்துவிட்டார். நீங்கள் பூனை. உங்களிடம் சண்டைக்கு நடுவிலேயே இறந்தவரை எழுப்பும் ‘ரீபர்த்’ மந்திரம் இருக்கிறது. புதியவர்களின் கை உடனே அதற்குப் போகும். அதைப் போட இரண்டு விநாடி ஆகும்; அதற்குள் அரக்கன் வைத்தியரிடம் போய்விடுவான். எழுந்து வரும் தாங்கியும் முழு உயிரோடு எழுவதில்லை. வைத்தியரிடம் மானா இருக்கிறதென்றால் முதலில் கரடியாகி, அரக்கனைத் தன் பக்கம் இழுக்கும் ‘குரோல்’ உறுமலைப் போடுங்கள். அதற்குச் சினம் தேவையில்லை. பூனைக்குப் போட்ட அதே கவசம் கரடிக்கும் உதவும். நாற்பதாம் நிலைக்குப் பின் வரும் பெரிய கரடி, உடையிலிருந்து வரும் கவச பலத்தைப் பல மடங்காக்கிவிடும். அந்தச் சண்டையை முடிக்கும் அளவுக்கு நீங்களே தாங்கியாக இருக்கலாம்.

விழுந்தவர் வைத்தியர் என்றால் நிலைமை வேறு. அப்போது ரீபர்த் போடுவதே மேல். ஏனென்றால் சண்டை நடக்கும்போது ஆயுதத்தை மாற்றலாம், உடையை மாற்ற முடியாது. பூனை உடையோடு வைத்தியம் பார்த்தால் நாலைந்து மந்திரத்தில் மானா காலியாகும். ரீபர்த்தை ஒருமுறை போட்டால் அடுத்த முப்பது நிமிடத்துக்கு இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். கிளாசிக்கில் சண்டை முடிந்த பிறகு சாவகாசமாக எழுப்பும் மந்திரம் ட்ரூயிடுக்குக் கிடையாது.

இனி, விளையாட்டுக்கு வெளியே நடக்கும் ஒரு சங்கதி. நீங்கள் ட்ரூயிட் என்று தெரிந்ததும் குழுத் தலைவர் கேட்கும் முதல் கேள்வி, “ஹீல் பண்ண முடியுமா?” என்பதுதான். 2004, 2005 ஆண்டுகளில் நாற்பது பேர் சேர்ந்து செல்லும் பெரிய படையெடுப்புகளில் ட்ரூயிட் என்றால் வைத்தியர் என்றே எழுதிவைத்துவிடுவார்கள். மந்திரத்தால் தாக்கும் ஆந்தைக் கரடி உருவம் 2005இல் அறிமுகமானபோது, மானா சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதற்காகவே அதற்கு ‘ஊம்கின்’ என்று கேலிப் பெயர் வைத்தார்கள். கிளாசிக் வந்த பிறகு கரடித் தாங்கிகள் எதிரியின் கவனத்தைப் பிடித்து வைத்திருக்கும் திறமையைக் காட்டி அந்தப் பழைய எண்ணத்தைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். கொஞ்சம்தான்.

எல்லா வேலையும் தெரிந்தவரிடம் எல்லா வேலையும் வந்து சேரும். பள்ளிக் குழுப்பணியிலும் பார்த்திருப்பீர்கள்: படமும் வரைவார், எழுதவும் செய்வார் என்றால் இரண்டும் அவர் தலையில். குகைக்குள் இறங்கும் முன்பே, “நான் இன்று பூனை. அவசரம் என்றால் கரடி. வைத்தியர் வேண்டுமென்றால் வேறு ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள்” என்று தெளிவாகச் சொல்லிவிடுவது முரட்டுத்தனம் அல்ல. பாதிக் குகையில் சண்டை பிடித்துக்கொண்டு நான்கு பேரின் ஒரு மணி நேரத்தை வீணாக்குவதைவிட அது நாகரிகம். மாறாக, வைத்தியராக வருகிறேன் என்று ஒப்புக்கொண்டுவிட்டுச் சலிப்பில் பூனையாகி ஓடுவதை எந்தக் குழுவும் மன்னிக்காது.

பெரிய படையில் வேறொரு கடமையும் காத்திருக்கும். ‘இன்னர்வேட்’ என்ற மந்திரம் இருபது விநாடிக்கு ஒருவரின் மானாவை வேகமாக ஊற வைக்கும். ஆறு நிமிடத்துக்கு ஒருமுறைதான். அதை உங்களுக்கே போட்டுக்கொள்ளலாம்; ஆனால் வழக்கமாக அது ஒரு பிரீஸ்டுக்குப் போகும். யாருக்கு, எப்போது என்பதை முன்கூட்டியே பேசிவைத்து, அவர் பெயரைப் போட்டு ஒரு மேக்ரோ எழுதிக்கொள்ளுங்கள். நாற்பது பெயர்களில் அவரைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் அவர் மானா தீர்ந்து நிற்பார்.

விசைப்பலகையில் கரடி, பூனை, உரு கலைத்தல் மூன்றையும் கை எட்டும் பொத்தான்களில் வையுங்கள். சுட்டியால் சொடுக்கிச் சொடுக்கி உரு மாறினால் மேலே சொன்ன இரண்டரை விநாடிக் கணக்கு நடக்காது.

ஆடிப் பார்க்க நினைப்பவர்களுக்கு: புதிய பதிப்பை இருபதாம் நிலை வரை இலவசமாக ஆடலாம். கரடி, பூனை இரண்டும் அதற்குள் கிடைத்துவிடும். கிளாசிக்குக்கு மாதச் சந்தா தேவை, அமெரிக்க விலையில் 14.99 டாலர், அதே சந்தாவில் இரண்டு பதிப்புகளும் அடங்கும். அங்கே பத்தாம் நிலை வரை நீங்கள் வெறும் மனிதர்தான். அதன் பின் மூன்கிளேடுக்குப் போய்ப் பெரிய கரடியின் ஆவியைச் சந்தித்து, ஒரு சோதனையில் தேறினால்தான் கரடி உரு. பூனைக்கு இருபதாம் நிலை வரை பொறுமை வேண்டும். ஓஷியானியா சேவையகத்தில் சேர்வதென்றால் நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். சிட்னி நம்மைவிட இரண்டு மணி நேரம் முன்னே ஓடுகிறது, அவர்களின் கோடைக்காலத்தில் மூன்று. அவர்களின் இரவு எட்டு மணிப் படையெடுப்பு இங்கே மாலை ஐந்துக்கோ ஆறுக்கோ தொடங்கும். புறப்பாட நடவடிக்கை இருக்கும் நாளில் அதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.