காலியான தொட்டிதான் வெற்றி!



6,000 அடிக்கு மேலே, தேயிலைக்கும் மூடுபனிக்கும் நடுவில் இருக்கும் நடுவட்டத்திலிருந்து வரும் ஒருவன் கடல் ஆமையைப் பற்றிக் கட்டுரை எழுதினால் நீங்கள் சிரிக்கத்தான் செய்வீர்கள். "உனக்கும் கடலுக்கும் என்னடா சம்பந்தம்?" என்று ஹாஸ்டலில் கேட்டே விட்டார்கள். சம்பந்தம் இருக்கிறது. முழுசா படிச்சிட்டு அப்புறம் சொல்லுங்க.

போன கோடை விடுமுறையில் குடும்பத்தோடு ராமேஸ்வரம் போயிருந்தோம். எங்கள் அப்பாயிக்கு அது வெறும் கோயில் யாத்திரை இல்லை. 1964 ஒப்பந்தத்திற்குப் பிறகு இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய எத்தனையோ தோட்டத் தொழிலாளர் குடும்பங்களைப் போல, தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, அங்கிருந்து டேன்டீ தோட்டத்துக்கு வந்தவர் அவர். அதனால் மண்டபத்தைப் பார்க்காமல் ஊர் திரும்பமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார். அந்த மண்டபத்தில்தான் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல மையமும் இருக்கிறது. அங்குள்ள மீன் காட்சிசாலைக்குள் நுழைந்தோம்.

கண்ணாடித் தொட்டிகளைப் பார்த்துக்கொண்டே வந்த என் தங்கை கேட்டாள்: "அண்ணே, இதுங்களைக் கடல்லயே விட்டா என்ன? எதுக்கு உள்ள வெச்சிருக்காங்க?"

1960-களில் இதே நிறுவனத்தில் இரண்டு கடற்பசுக்களைப் பல ஆண்டுகள் தொட்டியில் வைத்து ஆராய்ந்தார்கள் என்று அவளுக்குச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்த அப்பாயி, "எங்களையும் இங்கதான் இறக்கி, பேர் எழுதி, கொஞ்ச நாள் வெச்சிருந்து அனுப்பினாங்க. அனுப்புறதுக்காக வெச்சிருந்தா சரிதான்" என்றார். தங்கையின் கேள்விக்கு அதைவிட நல்ல விடை எனக்குக் கிடைக்கவில்லை. அந்த விடையைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

காட்சிசாலையா, ஆஸ்பத்திரியா?

மீன் காட்சிசாலை நமக்குப் புதிதல்ல. சென்னை மெரினாவில் 1909-ஆம் ஆண்டே ஒன்று திறக்கப்பட்டது. அதைத் திட்டமிட்டவர் சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன். சீனக் கைதிகளுக்கும் தமிழ்ப் பெண்களுக்கும் பிறந்த குடும்பங்கள் நடுவட்டம் பக்கம் வாழ்ந்ததை எழுதி வைத்தாரே, அதே தர்ஸ்டன்தான்! அந்தக் காட்சிசாலை இரண்டாம் உலகப் போரின்போது மூடப்பட்டது. மக்கள் வந்து வேடிக்கை பார்ப்பதுதான் அதன் நோக்கம்.

காயம்பட்ட கடல் பிராணிகளை எடுத்து வைக்கும் நிலையம் வேறு வகை. ஆஸ்பத்திரியில் படுக்கை காலியாக இருந்தால் நாம் வருத்தப்படுவோமா? அது போலத்தான் இதுவும். குணமான பிராணி கடலுக்குப் போய்த் தொட்டி காலியானால்தான் அங்கே வெற்றி.

அமெரிக்காவில் ஃப்ளோரிடாவில் உள்ள கிளியர்வாட்டர் நிலையத்தின் கதை சிவில் நண்பர்களுக்குப் பிடிக்கும். நகராட்சி கைவிட்ட கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தை 1978-ல் பெற்று, அந்தக் கான்கிரீட் தொட்டிகளையே ஆமைக்கும் டால்பினுக்கும் ஏற்றபடி மாற்றிவிட்டார்கள்.

கண்ணாடிக்குப் பின்னால்

பார்வையாளர் பார்ப்பது கண்ணாடியை மட்டும்தான். உயிரைக் காப்பது பின்னால் இருக்கும் பம்ப் ரூம். கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு; அது கூடவும் கூடாது, குறையவும் கூடாது. பிராணியின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகும். அது விஷம். ஃபில்டரில் வளரும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. மணல் ஃபில்டர் அழுக்கைப் பிடிக்கும். புற ஊதா விளக்கு கிருமியைக் கொல்லும். கரண்ட் போனால் ஜெனரேட்டர் ஓடியாக வேண்டும். தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனை நம்பியிருக்கும் மீன் திணறிப்போகும் அல்லவா? மெக்கானிக்கல், எலக்ட்ரிகல், சிவில் மூன்றும் அங்கே ஒரே அறையில் நிற்கின்றன!

இன்னும் இரண்டு உதாரணம். படகு மோதி ஓடு உடைந்த ஆமைக்கு ஓட்டுக்குள் காற்று அடைத்துக்கொள்வது உண்டு. அப்புறம் அதால் மூழ்க முடியாது. பின்பக்கம் மிதந்துகொண்டே இருக்கும், இரை தேட முடியாது. என்ன செய்கிறார்கள் தெரியுமா? ஓட்டின் மேல் சின்ன எடைகளை ஒட்டிச் சமப்படுத்துகிறார்கள். நாம் முதலாண்டில் படித்த ஆர்க்கிமிடீஸ் தத்துவம்தான்! ஆனால் எடை ஒருநாள் கழன்று விழுந்துவிடும் என்பதால் அந்த ஆமையைக் கடலில் விட முடியாது.

இரண்டாவது, வின்டர் என்ற டால்பின். 2005 டிசம்பரில், சில மாதக் குட்டியாக இருந்தபோது நண்டுக்கூண்டின் கயிற்றில் சிக்கியது. கிளியர்வாட்டரில் சிகிச்சை கொடுத்தும் வாலைக் காப்பாற்ற முடியவில்லை. வால் இல்லாத அது, மேலும் கீழும் அசைவதற்குப் பதில் மீனைப்போலப் பக்கவாட்டில் நீந்த, முதுகெலும்புக்கு ஆபத்து வந்தது. மனிதர்களுக்குச் செயற்கைக் கால் செய்யும் கெவின் கரோலும் டான் ஸ்ட்ரெம்ப்காவும் அதற்கு ஒரு வால் செய்தார்கள். தோல் உரியாமலிருக்க அவர்கள் உருவாக்கிய மிருதுவான ஜெல் உறை, பிறகு காலிழந்த மனிதர்களுக்கும் உதவியது. வின்டர் 2021 நவம்பரில் இறந்தது. கடைசி வரை அது கடலுக்குத் திரும்பவில்லை.

ஆக, எவ்வளவு பெரிய பொறியியலும் ஒரு கயிறு செய்த சேதத்தை முழுசாகச் சரிசெய்ய முடியவில்லை. அதனால், சிக்க விடாமல் தடுப்பதுதான் பெரிய வைத்தியம்.

நம் கரையில்

பங்குனி ஆமையும் கடற்பசுவும் நம்மைப்போலக் காற்றைச் சுவாசிப்பவை. மணிக்கணக்காக இழுபடும் இழுவலையில் மாட்டினால் மேலே வர முடியாமல் மூச்சடைத்துப் போகின்றன. 2025 ஜனவரியில் சென்னைப் பக்கக் கடற்கரையில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. இழுவலையில் ஆமை மட்டும் வெளியேற வழிவிடும் கம்பிச் சட்டம் ஒன்று உண்டு. நம் நாட்டு வலைக்கேற்ப அதை வடிவமைத்தது கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம். மயங்கிய ஆமை வலையில் வந்தால் உடனே கடலில் வீசக்கூடாது. நிழலில், ஈரத்துணி போட்டு, பின்பக்கத்தைச் சற்று உயர்த்தி வைத்தால் நுரையீரலில் புகுந்த நீர் வடிந்து, சில மணி நேரத்தில் அது பிழைக்க வாய்ப்பு உண்டு.

கடற்பசு ஒரு தடவைக்கு ஒரே குட்டிதான் போடும். அடுத்ததற்குப் பல ஆண்டுகள் ஆகும். ஒன்று போனாலும் பெரிய நஷ்டம். அதற்காகவே 2022-ல் பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைத் தமிழக அரசு காப்பகமாக அறிவித்தது. வலையை அறுத்துக் கடற்பசுவை விடுவிக்கும் மீனவர்களுக்கு வனத்துறை வெகுமதி தருகிறது. வலை அறுந்தால் அவர்களுக்கு எவ்வளவு நஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள்.

மாணவர்கள் என்ன செய்ய முடியும் என்கிறீர்களா? சென்னையில் 1988 முதல் ஒரு மாணவர் அமைப்பு, முட்டையிடும் பருவத்தில் இரவு முழுக்கக் கடற்கரையில் நடந்து, ஆமை முட்டைகளைப் பத்திரமாகப் பொரிக்க வைத்துக் குஞ்சுகளைக் கடலில் விட்டு வருகிறது. சம்பளம் கிடையாது!

மலைக்கும் கடலுக்கும்

இனி ஹாஸ்டல் கேள்விக்கு வருகிறேன். நடுவட்டத்துக்குக் கிழக்கே பைக்காராவில் ஓடும் தண்ணீர் மாயாறு, பவானி, காவிரி வழியாக வங்காள விரிகுடாவுக்குப் போகிறது. மேற்கே கூடலூர்ப் பக்கம் இறங்கும் தண்ணீர் பாண்டியாறு, சாலியாறு வழியாக பேப்பூரில் அரபிக்கடலைச் சேர்கிறது. நம் வீட்டுக் கூரை மழை இரண்டு கடலுக்கும் பங்கு போகிறது! அதோடு நாம் ஓடையில் வீசும் கவரும் போகும். மிதக்கும் கவரைச் சொறிமீன் என்று நினைத்து ஆமை விழுங்கிவிடுகிறது.

நீலகிரியில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. 2019-ல் சிறிய தண்ணீர் பாட்டிலுக்கும் தடை வந்தது. சட்டம் இருக்கிறது, ஆனாலும் நம்ம ரோட்டோர ஓடைகளில் குப்பை கிடக்கத்தான் செய்கிறது. நம் மாணவர் மன்றம் வருடம் ஒருநாள், பருவமழைக்கு முன்னால், ஓடைகளைச் சுத்தம் செய்தால் என்ன? மழை வந்து அடித்துக்கொண்டு போவதற்குள் நாம் எடுத்துவிட வேண்டும். வரும் மே மாதமே தொடங்கலாம். வருகிறவர்கள் பெயர் கொடுங்கள்!

– மூன்றாம் ஆண்டு, மெக்கானிக்கல்