குண்டு கிடக்கட்டும், ரத்தத்தைப் பாருங்கள்

"துப்பாக்கிச் சூடு பட்டவர் வந்தால் முதலில் குண்டைத்தானே எடுப்பீர்கள்?" டீ ஆறுவதற்குள் கேட்டுவிட்டீர்கள். எல்லாம் சினிமா செய்த வேலை. கத்தியை நெருப்பில் காட்டி, குண்டை நோண்டித் தட்டில் போட்டதும் கதாநாயகன் பிழைத்துக்கொள்வார். நிஜத்தில் குண்டைத் தேடுவது கடைசி வேலை. பல சமயம் அந்த வேலையே கிடையாது.

குண்டு இருக்கட்டும், துளையே முதலில் கண்ணில் படாமல் போகலாம். 1981 மார்ச் 30 அன்று வாஷிங்டனில் சுடப்பட்ட அமெரிக்க அதிபர் ரீகன், மருத்துவமனைக்குள் நடந்தேதான் போனார். போனதும் சரிந்தார். காருக்குள் தள்ளியதில் விலா எலும்பு முறிந்திருக்கும் என்றுதான் முதலில் நினைத்தார்கள். உடைகளை வெட்டி எடுத்த பிறகே இடது அக்குளுக்குக் கீழே சின்னக் கீறலாக ஒரு துளை தெரிந்தது.

அதனால்தான் ஒட்டுத்துணி விடாமல் கழற்றி, அக்குள், தொடையிடுக்கு, முதுகு என்று புரட்டிப் பார்ப்பது. துணியிலுள்ள ஓட்டைமேல் கத்தரி படக்கூடாது. போலீஸுக்கு அது சாட்சியம். ஒவ்வொரு துளையருகிலும் ஒரு பேப்பர் கிளிப்பை ஒட்டி எக்ஸ்ரே எடுப்போம். துளைகளையும் உள்ளே தெரியும் குண்டுகளையும் கூட்டினால் பெரும்பாலும் இரட்டைப்படை வரும். வராவிட்டால் எதையோ கோட்டைவிட்டிருக்கிறோம் என்று மறுபடி தேடுவோம். ரீகனுக்கு ஒரு துளை, ஒரு குண்டு. கணக்கு சரி.

ஆனால் இந்தக் கணக்கெல்லாம் ரத்தப்போக்குக்குப் பிறகுதான். கை காலில் பீய்ச்சினால் அழுத்திப் பிடி, நிற்காவிட்டால் மேலே இறுக்கிக் கட்டு. நெஞ்சில் என்றால் விலாவுக்கிடையே குழாய். ரீகனுக்கு அந்தக் குழாயில் ரத்தம் நிற்காமல் வந்ததால்தான் அறுவை அரங்குக்குப் போனார்கள். உடம்பு ரத்தத்தில் பாதிக்கு மேல் இழந்திருந்தார். சலைனை பாட்டில் பாட்டிலாக ஏற்றுவது பழைய பழக்கம். மிச்சமுள்ள ரத்தமும் நீர்த்து, உடம்பு குளிர்ந்து, உறையும் சக்தி போய்விடும். இப்போது ரத்தம் போனால் ரத்தம்தான்.

குண்டைத் தேடிக் கெடுத்த கதையும் உண்டு. 1881 ஜூலையில் சுடப்பட்ட அதிபர் கார்ஃபீல்டின் காயத்தில் மருத்துவர்கள் கழுவாத விரலை விட்டுத் துழாவினார்கள். தொலைபேசி புகழ் கிரகாம் பெல்கூட உலோகம் காட்டும் கருவியோடு வந்தார். குண்டு பெரிய தொந்தரவில்லாத இடத்தில் கிடந்தது. காயம் சீழ் பிடித்து, செப்டம்பர் 19 அன்று கார்ஃபீல்ட் இறந்தார்.

அதற்காக எப்போதும் விட்டுவிடுவதில்லை. மூட்டுக்குள் கிடந்தால் ஈயம் கரையும், ரத்தக் குழாய்க்குள் கிடந்தால் நகரும். அவற்றை எடுத்தாக வேண்டும். தசைக்குள் புதைந்து சும்மா கிடப்பதை அப்படியே வைத்து, காயத்தைக் கழுவிக் கட்டி, டெட்டனஸ் ஊசி போட்டு வீட்டுக்கே அனுப்புவோம்.