பத்தொன்பதரையா, இருபத்திரண்டரையா?

அமெரிக்காவில் மோட்டார் ஹோம் விற்கும் இடத்துக்குப் போனால், விற்பனையாளர் முதலில் படுக்கையறையைக் காட்டுவார். பிறகு அடுப்பு, குளியலறை, பொத்தானை அமுக்கினால் சுவரோடு சேர்ந்து வெளியே நகரும் கூடம். டயரைக் காட்டுபவர் அபூர்வம். நாமாகக் கேட்டால், "இது பத்தொன்பதரை, அது இருபத்திரண்டரை. பெரிய சக்கரம் நல்லது" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். எட்டு டன், பத்து டன் வீடு சாலையைத் தொடுவது அந்த ஆறு டயர்களில் மட்டும்தான். மெத்தையையும் திரையையும் நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம். டயர் அளவை அப்படி மாற்ற முடியாது. அதனால் அதைப் பார்க்க வேண்டிய நாள் வண்டி வாங்கும் நாள்தான்.

டயரின் பக்கச் சுவரில் 245/70 ஆர் 19.5 என்று இருந்தால், டயரின் அகலம் 245 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 70 சதவீதம், ஆர் என்பது ரேடியல், 19.5 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். கணக்குப் போட்டால் முழு டயரின் உயரம் சுமார் 838 மில்லிமீட்டர் வரும். 235/80 ஆர் 22.5 டயருக்கு இதே கணக்கில் 947 மில்லிமீட்டர். பதினோரு சென்டிமீட்டர் வித்தியாசம். ஒரு கிலோமீட்டர் ஓட சின்னது 380 சுற்றுச் சுற்ற வேண்டும், பெரியதற்கு 336 போதும். சுற்று குறைந்தால் ரப்பர் நசுங்கி நிமிர்வதும் குறைகிறது, சூடும் குறைகிறது. பாலத்து இணைப்பிலும் குழியிலும் பெரிய சக்கரம் இடறாமல் ஏறி இறங்கும். விற்பனையாளர் சொல்வதில் இந்த அளவுக்கு உண்மை உண்டு.

பெட்ரோலில் ஓடும் பெரிய மோட்டார் ஹோம்கள் பெரும்பாலும் ஃபோர்டு எஃப்-53 அடிச்சட்டத்தின் (சேஸி) மேல் கட்டப்படுகின்றன. அதில் எடை குறைந்த வகைகளுக்குப் பத்தொன்பதரை அங்குல ரிம், மொத்த எடை வரம்பு 22,000 பவுண்டோ (சுமார் பத்து டன்) அதற்கு மேலோ உள்ள வகைகளுக்கு இருபத்திரண்டரை. ஆகவே ரிம் அளவைத் தேர்ந்தெடுப்பதாக நாம் நினைக்கும்போது உண்மையில் அச்சையும் அடிச்சட்டத்தையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறோம்.

ஆனால் பெரிய ரிம் என்றாலே கூடுதல் சுமை தாங்கும் என்று நம்பிவிடக் கூடாது. 245/75 ஆர் 22.5 அளவில் 'ஜி' வகை டயர் ஜோடி இல்லாமல் தனியாக நிற்கும்போது 2,120 கிலோ தாங்கும். அதே அகலத்தில் 245/70 ஆர் 19.5 'எச்' வகை 2,240 கிலோ தாங்கும். சின்ன ரிம், அதிகச் சுமை! காரணம் காற்று. ஜி வகைக்கு 110 பி.எஸ்.ஐ. உச்சம், எச் வகைக்கு 120. சுமையைத் தாங்குவது ரப்பர் அல்ல, உள்ளே அடைபட்ட காற்று. அந்தக் காற்றை எவ்வளவு அழுத்தத்தில் பிடித்துவைக்க முடியும் என்பதைச் சொல்வதுதான் அந்த ஓர் எழுத்து. 19.5, 22.5 என்ற எண்களை மட்டும் ஒப்பிட்டு எழுத்தைப் பார்க்காமல் வருபவர் பாதிக் கதையோடுதான் வீடு திரும்புகிறார்.

அடுத்தது, என் பார்வையில் எல்லாவற்றிலும் முக்கியமானது: மிச்சம். டயர் தாங்கக்கூடிய எடைக்கும், நிரம்பிய வண்டி அதன் மேல் ஏற்றும் எடைக்கும் நடுவில் எவ்வளவு மிஞ்சுகிறது? ஓட்டுநர் தலைக்கு மேல் ஒரு படுக்கை நீட்டிக்கொண்டிருக்குமே, அந்த 'சி' வகை வண்டிகளில் பல ஃபோர்டு இ-450 மேல் கட்டப்பட்டவை. பின்னால் 225/75 ஆர் 16 டயர்கள் நான்கு, ஜோடி ஜோடியாக. ஜோடியில் போடும்போது ஒவ்வொன்றும் 1,120 கிலோ தாங்கும். நான்குக்கும் 4,480 கிலோ. பின் அச்சின் வரம்பு 9,600 பவுண்டு, ஏறக்குறைய 4,354 கிலோ. மிச்சம் 126 கிலோதான். இரண்டு ஆள் எடைகூட இல்லை.

இதுவும் காகிதத்துக் கணக்கு. வீட்டில் சமையலறை ஒரு பக்கம்தான் இருக்கும். குளிர்பதனப் பெட்டியும் வெளியே நகரும் கூடமும் அந்தப் பக்கமே அமைந்துவிட்டால், 4,354 கிலோ இரண்டு பக்கமும் சமமாகப் பிரியாது. இடப்பக்கம் 2,270 கிலோவும் வலப்பக்கம் 2,084 கிலோவும் விழுந்தால், இடப்பக்க ஜோடியின் 2,240 கிலோ வரம்பு உடைந்துவிட்டது. அச்சின் மொத்த எடை வரம்புக்குள்தான் இருக்கிறது, சட்டப்படி குற்றம் எதுவும் இல்லை. டயர் மட்டும் நெடுஞ்சாலையில் மணிக்கணக்காகச் சூடேறிக்கொண்டே போகிறது. ஜோடியில் உள் டயரின் காற்று இறங்கியிருந்தால் அதன் பங்கையும் வெளி டயரே சுமக்க வேண்டும். குனிந்து உள் டயரின் வால்வைப் பார்க்க யாருக்கும் பொறுமை இருப்பதில்லை.

அமெரிக்கச் சட்டம் கேட்பது இவ்வளவுதான்: ஓர் அச்சிலுள்ள டயர்கள் எல்லாம் சேர்ந்து தாங்கும் எடை, அந்த அச்சின் வரம்புக்குக் குறையக் கூடாது. மிச்சம் இத்தனை இருக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. அதைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர் வாங்குபவர்தான். எண்பது காலன் தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் மட்டும் 300 கிலோ. அதன் மேல் எரிபொருள், சமையல் எரிவாயு, ஆட்கள், பாத்திரம், சைக்கிள், நாய். ஆட்களுக்கும் சாமானுக்கும் சேர்த்து எவ்வளவு ஏற்றலாம் என்று சொல்லும் ஒட்டுத்தாள் புதிய மோட்டார் ஹோம்களில் கட்டாயம் உண்டு. படுக்கையறையைப் பார்ப்பதற்கு முன் அதைப் படியுங்கள். நாற்பதடி நீள வண்டியில்கூட அந்த எண் வியப்பூட்டும்படி சிறியதாக இருப்பதுண்டு.

"முதலில் வாங்கிவிடலாம், டயரைப் பிறகு பெரிதாக்கிக்கொள்ளலாம்" என்று பலர் நினைக்கிறார்கள். 225/70 ஆர் 19.5-இலிருந்து 245/70-க்கு மாறுவது சின்ன மாற்றமாகத்தான் தெரியும். ஆனால் பழைய அடிச்சட்டங்கள் சிலவற்றில் வந்த ஆறு அங்குல அகல ரிம்மில் 245 பொருந்தாது, அதற்கு 6.75 அல்லது 7.5 அங்குலம் வேண்டும். ஜோடி டயர்களின் இடைவெளி சுருங்கி, சுமையில் பிதுங்கும்போது ஒன்றோடொன்று உரசும். டயரின் உயரம் மூன்றரை சதவீதம் கூடுவதால், முள் 60 மைல் காட்டும்போது வண்டி 62 மைலில் போகும், மலையேற்றத்தில் இழுவையும் குறையும். அளவை மாற்றாமல் ஜி-யிலிருந்து எச்-சுக்குப் போகலாமே என்றால், ரிம் 120 பி.எஸ்.ஐ. தாங்குமா என்று அதில் பொறித்திருப்பதைப் பார்க்க வேண்டும். இத்தனையும் சரியாக அமைந்தாலும் அச்சின் வரம்பு ஒரு கிலோகூட உயராது.

பொருத்தமில்லாத டயரால் என்ன நேரும் என்ற கேள்வி எழும்போதெல்லாம் குட்இயர் ஜி159 நினைவுக்கு வருகிறது. 275/70 ஆர் 22.5 அளவில் 1996 முதல் 2003 வரை செய்யப்பட்ட டயர் அது. நகரச் சரக்கு வண்டிகளுக்காக உருவான டயரை நெடுஞ்சாலை வேகத்தில் ஓடும் மோட்டார் ஹோம்களுக்கு விற்றார்கள் என்பது வழக்குத் தொடுத்த குடும்பங்களின் குற்றச்சாட்டு. டயரில் குறையில்லை, காற்றுக் குறைவாகவும் சுமை அதிகமாகவும் இருந்ததே காரணம் என்பது நிறுவனத்தின் வாதம். அமெரிக்கத் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் விசாரித்து, இந்த டயர் சிதைந்த விபத்துகளில் எட்டுப் பேர் இறந்ததாகவும் 69 பேர் காயமடைந்ததாகவும் சொன்னது. ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட டயர்களைத் திரும்பப் பெற நிறுவனம் 2022-இல்தான் முன்வந்தது. கடைசி டயர் ஆலையை விட்டு வெளியேறி அப்போது ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. இந்த வழக்கில் டயர் இருபத்திரண்டரை என்பதைக் கவனியுங்கள். பெரிய சக்கரம் அங்கே யாரையும் காப்பாற்றவில்லை.

பழைய வண்டி வாங்குபவர் அளவோடு வயதையும் பார்க்க வேண்டும். மோட்டார் ஹோம் ஆண்டில் பல மாதம் வெயிலில் நின்றுகொண்டே இருக்கும். ட்ரெட் தேயாது, பக்கச் சுவர் மட்டும் காய்ந்து வெடிக்கும். பக்கச் சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் 2319 என்றிருந்தால், 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு ஆண்டுதோறும் தேர்ந்தவரிடம் காட்டுங்கள், பத்தாண்டுக்கு மேல் ஓட்டவே வேண்டாம் என்கிறது மிஷெலின். புதிதுபோல் பளபளக்கும் ஒன்பது வயது டயரோடு வண்டி வந்தால், ஆறு புது டயரின் விலையை வண்டி விலையில் கழித்துத்தான் பேச வேண்டும்.

மாற்று டயர் கிடைப்பதும் ஒரு கேள்வி. 245/70 ஆர் 19.5 சரக்கு வண்டிகள் பலவற்றில் ஓடும் அளவு. 295/80 ஆர் 22.5 நம் ஊர் வால்வோ பேருந்துகள்வரை பரவிய அளவு. 235/80 ஆர் 22.5 செய்பவர்கள் மிகச் சிலர். பெரும்பாலான பெரிய மோட்டார் ஹோம்களில் ஸ்டெப்னி கிடையாது என்பதையும் இதோடு சேர்த்து யோசியுங்கள்.

ஒரே விலையில், ஒரே நீளத்தில் இரண்டு வண்டிகள் நின்றால், நிரப்பிய பிறகு எதில் அதிக மிச்சம் இருக்கிறதோ அதை வாங்குங்கள். பெரும்பாலும் அது இருபத்திரண்டரையாக இருக்கும், எப்போதும் அல்ல. தண்ணீரும் எரிபொருளும் நிரப்பி, குடும்பத்தை உட்காரவைத்து, லாரிகள் நிற்கும் டிரக் ஸ்டாப்பில் உள்ள எடை மேடையில் வண்டியை ஏற்றிப் பார்க்க அனுமதி கேளுங்கள். முடிந்தால் இடம், வலம் தனித்தனியாக. விற்பவர் அதற்குச் சம்மதிக்காவிட்டால் அடுத்த வண்டியைப் பாருங்கள்.