மொடக்குறிச்சியின் 1,033 பேர்: டெபாசிட் எதை அளக்கிறது?

வேட்புமனுத் தாக்கலுக்குக் கடைசி நாள் நெருங்க நெருங்க, வாசகர் கடிதங்களில் டெபாசிட் பற்றிய கேள்விகள் குவிகின்றன. ஆறில் ஒரு பங்கு என்றால் எதில் ஆறில் ஒரு பங்கு, நோட்டாவும் அதில் சேருமா, குறைந்த வாக்கில் ஜெயித்தவருக்கும் டெபாசிட் போகுமா என்று கேட்கிறார்கள். ஈரோடு மாவட்டத்து வாசகர் ஒருவர், தங்கள் தொகுதியால்தான் நாடு முழுக்க டெபாசிட் ஏறியது என்று ஊரில் பேசிக்கொள்கிறார்களே, அது உண்மையா என்று கேட்டிருக்கிறார்.

பெரும்பகுதி உண்மை. அந்தத் தொகுதி மொடக்குறிச்சி.

1996-ல் நடந்தது என்ன?

காவிரிக் கரையில் கொடுமுடி, மேற்கே சிவகிரி, அறச்சலூர், அவல்பூந்துறை என்று விரியும் ஊர்ப்புறத் தொகுதி இது. மஞ்சளும் கரும்பும் விளையும் மண். எந்தக் கட்சிக்கும் இது நிரந்தரக் கோட்டையாக இருந்ததில்லை. 1977-ல் அதிமுக சார்பில் சுப்புலட்சுமி ஜெகதீசன் இங்கே வென்றார். 1989-ல் திமுக வென்றது. 2001-ல் அதிமுக, 2006-ல் காங்கிரஸ், 2011-லும் 2016-லும் மீண்டும் அதிமுக. 2021-ல் பாஜகவின் சி. சரஸ்வதி, அதே சுப்புலட்சுமி ஜெகதீசனை வெறும் 281 வாக்கில் தோற்கடித்தார்.

இந்த வரிசையில் 1996 தனித்து நிற்கிறது. தங்கள் கோரிக்கைகளை யாரும் காதில் வாங்கவில்லை என்று கொதித்த விவசாயிகள், அந்தச் சட்டமன்றத் தேர்தலில் கூட்டம் கூட்டமாக மனுத் தாக்கல் செய்தார்கள். இறுதிப் பட்டியலில் 1,033 பேர் நின்றார்கள். ஒரு தாளில் அடங்காத வாக்குச்சீட்டு, புத்தகமாக அச்சானது. மறைவிடத்துக்குள் நின்று பக்கம் பக்கமாகப் புரட்டி, தனக்கு வேண்டிய சின்னத்தைத் தேடிக் கண்டுபிடித்து முத்திரை குத்த வேண்டிய நிலைக்கு வாக்காளர் வந்தார்.

வென்றவர் திமுகவின் சுப்புலட்சுமி ஜெகதீசன். இரண்டாம் இடம் அதிமுகவின் ஆர்.என். கிட்டுசாமிக்கு, அவர் 15 ஆண்டு கழித்து, 2011-ல், இதே தொகுதியில் வென்றார். 1996-ல் 88 வேட்பாளர்களுக்கு ஒரு வாக்குகூட விழவில்லை. 158 பேருக்குத் தலா ஒரே வாக்கு. அந்த 88 பேர் வெற்றிக்காக நிற்கவில்லை. எண்ணிக்கையைக் காட்டவே நின்றார்கள்.

அரசு என்ன செய்தது?

அதே ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் திருத்தப்பட்டது. மொடக்குறிச்சி மட்டும் காரணமல்ல. அந்த ஆண்டு மக்களவைத் தேர்தலில் ஃப்ளோரைடு கலந்த தண்ணீரால் எலும்பு வளைந்துபோன மக்களின் எதிர்ப்பாக நல்கொண்டாவில் 480 பேர் நின்றார்கள். கர்நாடக-மகாராஷ்டிர எல்லைப் பிரச்சினையில் பெல்காமில் 456 பேர் நின்றார்கள். நாடு முழுக்க மக்களவைக்குப் போட்டியிட்டவர்கள் 13,952 பேர்.

திருத்தம் மூன்று கதவுகளைச் சாத்தியது. 1951 முதல் 45 ஆண்டாகச் சட்டமன்றத்துக்கு 250 ரூபாய், மக்களவைக்கு 500 ரூபாய் என்றிருந்த டெபாசிட், ஒரே அடியாக 5,000, 10,000 ரூபாய் ஆனது. அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளருக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும்; மற்றவர்களுக்குப் பத்துப் பேர் வேண்டும் என்றானது. வாக்குச்சீட்டில் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகள் மேலே, பதிவு மட்டும் பெற்ற கட்சிகள் அடுத்து, சுயேச்சைகள் கடைசியில் என்று வரிசையும் வந்தது. 1998 மக்களவைத் தேர்தலில் வேட்பாளர் எண்ணிக்கை 4,750 ஆகச் சுருங்கியது. 2010 முதல் டெபாசிட் சட்டமன்றத்துக்கு 10,000, மக்களவைக்கு 25,000 ரூபாய். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இதில் பாதி.

இதற்கு அரசு சொன்ன காரணம், அக்கறையில்லாத வேட்பாளர்களைத் தடுப்பது. அந்தச் சொல்லை அப்படியே ஏற்க என்னால் முடியவில்லை. 45 ஆண்டில் 250 ரூபாயின் மதிப்பு தேய்ந்துவிட்டது என்பது நியாயமான வாதம். ஆனால் மனுவோடு வரிசையில் நின்ற ஆயிரம் விவசாயிகளை அக்கறையில்லாதவர்கள் என்று எப்படிச் சொல்வது? அன்று 1,033 பேர் நிற்க, தலைக்கு 250 வீதம் 2,58,250 ரூபாய் போதுமானதாக இருந்தது. இன்று அதே கூட்டம் நிற்க 1,03,30,000 ரூபாய் வேண்டும்.

ஆறில் ஒரு பங்கு எப்படி வேலை செய்கிறது?

இந்தக் கணக்கைத்தான் வாசகர்கள் ஊன்றிப் பார்க்க வேண்டும். தோற்ற வேட்பாளர், பதிவான செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கியிருந்தால்தான் டெபாசிட் திரும்பக் கிடைக்கும். 'மேல்' என்ற சொல் முக்கியம். ஒரு தொகுதியில் 1,80,000 செல்லத்தக்க வாக்குகள் என்று வையுங்கள். சரியாக 30,000 வாங்கியவருக்கு டெபாசிட் போய்விடும். 30,001 வாங்கியவருக்கு நிற்கும். நோட்டாவுக்கு விழுந்தவை இந்த 1,80,000-ல் சேராது.

இதிலிருந்தே இன்னொன்றும் புரியும். ஆறு பேர் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கவே முடியாது. கூட்டினால் மொத்தத்தைத் தாண்டிவிடும். ஆகவே எத்தனை பேர் நின்றாலும், ஐந்து பேருக்கு மேல் டெபாசிட்டைக் காப்பாற்ற முடியாது. மொடக்குறிச்சியில் வாக்கு எண்ணத் தொடங்கும் முன்பே, குறைந்தது 1,028 பேர் டெபாசிட் இழப்பார்கள் என்பது உறுதியாகியிருந்தது.

என்னை உறுத்துவதும் இதுதான். நம் உதாரணத் தொகுதியில் 29,000 பேர் ஒருவரை நம்பி வாக்களித்தாலும், மறுநாள் செய்தியில் அவர் 'டெபாசிட் காலி' ஆனவர். பிரிட்டனில் இந்த வரம்பு 1985 வரை எட்டில் ஒரு பங்காக இருந்தது. இப்போது 5 சதவீதம். நாம் இன்னும் ஆறில் ஒரு பங்கில், அதாவது 16.67 சதவீதத்தில் நிற்கிறோம்.

பணமுள்ளவருக்கு 10,000 ரூபாய் ஒரு தடையே அல்ல. வாக்கைப் பிரிக்க அதே பெயரில் ஒரு சுயேச்சையை நிறுத்த நினைப்பவரும் அதை யோசிக்காமல் கட்டுவார். ஒற்றை ரூபாய் நாணயங்களை மூட்டையாகக் கட்டி வந்து தேர்தல் நடத்தும் அலுவலரின் மேசையில் கொட்டும் சுயேச்சைகளை ஒவ்வொரு தேர்தலிலும் பார்க்கிறோம். படமெடுத்துப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஊழியர்கள் அடுக்கி எண்ணும் அந்த நாணயங்களுக்குப் பின்னால் ஒரு கோரிக்கை இருக்கிறதா என்று கேட்பதில்லை.

டெபாசிட் ஏறியபின் போராட்டம் நின்றதா?

நிற்கவில்லை, விலை கூடியது. 2019-ல் தெலங்கானாவின் நிஜாமாபாத் மக்களவைத் தொகுதியில் 185 வேட்பாளர்கள் நின்றார்கள். அவர்களில் 178 பேர் மஞ்சள், சோள விவசாயிகள். மஞ்சளுக்கு வாரியம் வேண்டும், கட்டுபடியாகும் விலை வேண்டும் என்பது கோரிக்கை. ஆளுக்கு 25,000 என்றால் மொத்தம் 44,50,000 ரூபாய். வாக்குச்சாவடிதோறும் 12 வாக்களிப்புக் கருவிகளை அடுக்க வேண்டியிருந்தது. அந்த 178 பேரில் ஒருவரும் வெல்லவில்லை. ஆனால் 2023-ல் தேசிய மஞ்சள் வாரியம் அறிவிக்கப்பட்டது. 2025 ஜனவரியில் நிஜாமாபாத்தையே தலைமையிடமாகக் கொண்டு தொடங்கப்பட்டது. இவர்களை அக்கறையில்லாதவர்கள் என்று எந்த அளவுகோல் சொல்லும்?

பத்து முன்மொழிபவர்கள் விதி நல்லதா?

பணத்தைவிட நல்லது. வேட்பாளர் மாநிலத்தில் எந்தத் தொகுதியின் வாக்காளராகவும் இருக்கலாம்; முன்மொழிபவர்கள் போட்டியிடும் தொகுதியின் வாக்காளர்களாக இருந்தாக வேண்டும். ஊரில் பத்துப் பேரின் நம்பிக்கையைப் பெற்றவர் என்று அது காட்டுகிறது. ஆனால் ஓட்டை இருக்கிறது. 2017 ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் நடிகர் விஷாலின் மனு, முன்மொழிந்தவர்களில் இருவர் அது தங்கள் கையெழுத்து இல்லை என்று சொன்னதால் தள்ளுபடியானது. முன்மொழிந்தவர் பின்வாங்கினால், வேறொருவரைச் சேர்க்க அவகாசம் இல்லை. 2015-ல் சட்ட ஆணையம் சுயேச்சைகளே போட்டியிடக் கூடாது என்று பரிந்துரைத்தது. ஓட்டையை அடைப்பதை விட்டுக் கதவையே பூட்டச் சொல்லும் யோசனை அது.

மற்ற கேள்விகள்

வென்றவர் ஆறில் ஒரு பங்குக்குக் குறைவாக வாங்கியிருந்தால்? டெபாசிட் திரும்பக் கிடைக்கும்.

மனு தள்ளுபடியானால், வாபஸ் வாங்கினால்? கிடைக்கும்.

ஒரே தொகுதியில் நான்கு மனு கொடுத்தால்? ஒரு டெபாசிட் போதும்.

பறிபோன பணம் எங்கே போகும்? அரசுக் கருவூலத்துக்கு.

கடைசி நாளில் எத்தனை மணி வரை? பிற்பகல் 3 மணி.

பத்துப் பேரில் ஒருவர் கைநாட்டு வைப்பவர் என்றால்? அலுவலர் முன்னிலையில் வைக்க வேண்டும். அவரைக் கையோடு அழைத்துப் போங்கள்.

அக்கறையை அளக்கத்தான் வேண்டுமென்றால், பணத்தைக் குறைத்துவிட்டுக் கையெழுத்தைக் கூட்டட்டும். அவற்றை முன்கூட்டியே சரிபார்க்கட்டும். மொடக்குறிச்சி விவசாயிகள் தேடியது ஆயிரம் பதவிகளை அல்ல, கேட்பதற்கு ஒரு காதை. சட்டம் பதிலாகத் தந்தது, இருபது மடங்கு ஏறிய கட்டணம்.