மலையக நாவல்களில் வீடும் நிலமும்

நாவல் என்னும் இலக்கிய வடிவம் வீட்டைச் சுற்றி வளர்ந்ததொன்றாகும். இதனை உவமையாகக் கூறுகின்றேன் அல்லேன். ஜேன் ஆஸ்டின் எழுதிய ஆங்கில நாவல்களை எடுத்துக்கொண்டாலும், 1896-இல் நூலாக வந்த ராஜம் ஐயரின் 'கமலாம்பாள் சரித்திர'த்தை எடுத்துக்கொண்டாலும், கதையின் முடிச்சுக்கள் பெரும்பாலும் வீட்டு வாயிலிலேயே விழுகின்றன. அவ்வீட்டுக்கு மருமகளாக வருபவள் யார், தந்தைக்குப்பின் அஃது எவர்க்கு உரித்தாகும், உடன்பிறந்தார் பிரியுங்கால் நடுச்சுவர் எங்கே எழும் என்பனவே வாசகனைப் பக்கம் பக்கமாக இழுத்துச் செல்லும் வினாக்கள். வீட்டுறுதியையும் பாகப்பிரிவினையையும் நீக்கிவிட்டால் நம் நாவலாசிரியருட் பலர்க்குக் கதையே கிடைக்காது போகும்.

அவ்வாறாயின், வீடு என்பதே தமக்குரியதாக இல்லாத மக்களைப்பற்றி நாவல் எழுதுவது எங்ஙனம்? நல்லதண்ணியில் இருந்துகொண்டு மலையக நாவல்கள் சிலவற்றை ஒருசேரப் படித்தபோது இவ்வினாவே என் மனத்தில் மேலோங்கி நின்றது. நல்லதண்ணி சிவனொளிபாதமலையின் அடிவாரத்து ஊர். மார்கழியையொட்டிய பூரணை தொடங்கி வைகாசி விசாகம் வரை யாத்திரிகர் கூட்டத்தால் இவ்வூரின் கடைத்தெரு இரவும் பகலும் விழித்திருக்கும். பருவம் முடிந்ததும் கடைகளின் பலகைகள் ஏறிவிடும். தென்மேற்குப் பருவமழையும் மூட்டமும் மலையை மறைத்துவிடும். படிப்பதற்கு அதனினும் ஏற்ற காலம் வேறில்லை. படித்துக் கொண்டிருக்கையில் தலை நிமிர்ந்தால் நூலிற் சொல்லப்பட்ட லயம் எதிர்ச்சரிவிலே தெரியும் என்பது இவ்வூர் வாசகனுக்கு வாய்த்த தனிப்பேறு.

லயத்தைப்பற்றி இங்குச் சிறிது கூறுதல் வேண்டும். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் உள்ள மாணவர்க்கு அஃது ஒரு சொல்லாக மட்டுமே தெரிந்திருக்கலாம். 'லைன்' என்னும் ஆங்கிலச்சொல் தோட்டத்து மக்கள் வாயில் 'லயம்' ஆயிற்று. குதிரை லாயத்தோடு அதனைத் தொடர்புபடுத்துவாரும் உளர். சொல்லாராய்ச்சி அதற்கு இடந்தராவிடினும் அனுபவம் இடந்தருகின்றது. ஏறக்குறையப் பத்தடிக்குப் பன்னிரண்டடியான அறை ஒன்று, அதனைக் 'காம்பரா' என்பர். முன்னே 'இஸ்தோப்பு' என்னும் ஒடுங்கிய தாழ்வாரம். இத்தகைய அறைகள் பல ஒரே கூரையின்கீழ் வரிசையாக நிற்கும். இவ்வறை தொழிலாளிக்குக் கூலியின் ஒரு பகுதிபோல் வழங்கப்பட்டதேயன்றி உடைமையாக வழங்கப்பட்டதன்று. தோட்டத்தில் பெயர் உள்ளவரை அறை உண்டு. துரை 'பத்துச்சீட்டு'க் கொடுத்துவிட்டால் வேலையோடு உறைவிடமும் போயிற்று. பத்துச்சீட்டு என்பது பற்றுச்சீட்டின் மரூஉ. ஒரு மனிதனின் கடனையும் கணக்கையும் தீர்த்து அவனை வெளியேற்றும் ஒரு துண்டுத்தாள் அவன் அடுப்பையும் அணைத்துவிடுகின்றது.

ஈழத்தின் முதல் தமிழ் நாவலெனக் கருதப்படும் 'அசன்பேயுடைய கதை' 1885-இல் வெளிவந்தது. அதனை எழுதிய சித்திலெவ்வை கண்டியில் வாழ்ந்த வழக்கறிஞர். கோப்பிச்செடி நோயுற்று மடிந்துகொண்டிருந்த காலம் அது. ஆயினும் கதை எகிப்திலும் பம்பாயிலும் நிகழ்கின்றதே தவிர, ஆசிரியர் வாழ்ந்த நகரைச் சூழ்ந்திருந்த மலைகளின் பக்கம் திரும்பவில்லை. இதனைக் குற்றமாகக் கூறுதல் தகாது. அக்காலத்து நாவலுக்கு வியப்பும் வீரமும் தேவைப்பட்டன, கூலிக்காரன் தேவைப்படவில்லை. ஐம்பதாண்டுகள் கழித்து, 1935-இல் 'மணிக்கொடி'யில் வந்த புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' தேயிலைத் தோட்டத்தினுள் நுழைந்தது. மருதி என்னும் பெண்ணின் சீரழிவைச் சொல்லும் அந்நெடுங்கதையின் சினம் மெய்யானது. எனினும் அத்தோட்டத்தில் மக்கள் நோயுறுகின்றனர், கெடுகின்றனர், சாகின்றனர். திருவிழா எடுக்கவில்லை, காமன்கூத்து ஆடவில்லை, பிள்ளைக்குப் பெயரிடவில்லை. நரகத்தைக் காட்ட விழைந்த பேராசிரியர் அந்நரகத்திலும் மனிதர் குடும்பம் நடத்தினர் என்பதைக் காணாது விட்டார் என்பதே என் கருத்து.

அக்குறையை நிரப்பிய நூல் கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' (1964). தலைப்பே பழமொழியின் பாதி. கண்ணுக்குக் குளிர்ச்சி என்னும் மற்றப் பாதியை வாசகன் தானே நிரப்பிக்கொள்வான். வறண்ட தமிழகச் சிற்றூரிலிருந்து கங்காணியின் சொல்லை நம்பிக் கடல் கடந்தவர்களின் கதை இது. நடுவே நிற்பவள் வள்ளி. இப்பெயர் என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. புராணத்து வள்ளி குறிஞ்சி நிலத்தின் மகள். தன் குலத்தாரின் தினைப்புனத்தைக் காப்பவள். பரணும் கவணும் அவளுடையவை. தேடி வருபவன் முருகனேயாயினும் அவளிடம் இரந்து நிற்கின்றான். நாவலின் வள்ளியும் மலையிலேதான் நிற்கின்றாள். ஆனால் மலை அவளுடையதன்று, செடி அவளுடையதன்று, கூடையிற் போட்ட கொழுந்தும் அவளுடையதன்று. பி. எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதிய 'ரெட் டீ' (1969) என்னும் நாவல், இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' எனத் தமிழில் வந்துள்ளது. வால்பாறைத் தோட்டங்களைப்பற்றிய அந்நாவலிலும் கருப்பனின் மனைவி வள்ளியே. கடலுக்கு அப்பாலும் இப்பாலும் இருவர்க்கு ஒரே பெயர் தோன்றியது தற்செயலாகவும் இருக்கலாம்.

தொல்காப்பியர் வகுத்த திணை நெறிகொண்டு நோக்கின் இம்மலையகத்தில் ஒரு முரண் புலப்படும். முதற்பொருள் மலையும் மலைசார்ந்த இடமும். ஆகவே நிலம் குறிஞ்சி. உரிப்பொருளோ பிரிவு, ஆகவே ஒழுக்கம் பாலை. குறிஞ்சி திரிந்து பாலையாவதற்கு இளங்கோவடிகள் கூறும் காரணம் வேனில் வெம்மை. இங்கோ நாள்தோறும் மழை பெய்கின்றது, அருவி வற்றுவதில்லை, ஊரின் பெயரே நல்லதண்ணி. நிலத்தை வெயில் சுடவில்லை, சட்டம் சுட்டது.

அச்சட்டத்தின் வரலாறு தெரியாமல் சி. வி. வேலுப்பிள்ளையின் 'வீடற்றவன்' (1981) என்னும் நாவலை முற்றும் உணர்தல் அரிது. மடக்கும்பரைத் தோட்டத்திற் பிறந்த சி. வி., 1947-ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் தலவாக்கலைத் தொகுதியின் உறுப்பினரானார். அடுத்த ஆண்டு வந்த பிரசாவுரிமைச் சட்டமும் அதன்பின் வந்த தேர்தற் சட்டமும் அவரைத் தெரிந்தெடுத்த மக்களின் பெருந்தொகையினரை வாக்கற்றவர் ஆக்கின. 1964-ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர்ப் பேசுவதற்கென ஒதுக்கிவைத்தது. பாகப்பிரிவினை இல்லாத மலையக நாவலுக்கு இரண்டு அரசுகள் சேர்ந்து ஒரு பாகப்பிரிவினையை வழங்கின என்க.

இத்தகைய பின்னணியில் சி. வி. எடுத்துக்கொண்ட கதை மிக எளியது. தோட்டத்தில் தொழிற்சங்கம் அமைக்க முனைபவன் ஒருவன்; அதன் பயனாக வேலையும் உறைவிடமும் இழக்கின்றான். ஆங்கிலக் கவிதையில் 'இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலே' என மக்களின் துயரை உருக்கத்தோடு பாடியவர் இந்நாவலில் உருக்கத்தை அடக்கிக்கொண்டார். துரையும் கொடியவனாக வரையப்படாது, தன் அதிகாரத்தைத் தான் ஐயுறாதவனாகவே நிற்கின்றான். முல்க் ராஜ் ஆனந்த் அசாம் தோட்டத்தைப்பற்றி எழுதிய 'இரண்டு இலைகளும் ஒரு மொட்டும்' (1937) என்னும் ஆங்கில நாவலில் கங்கு வெள்ளைத்துரையின் துப்பாக்கிக்கு இரையாகின்றான். அது படிப்பவனைத் துடிக்கச் செய்யும். சி. வி.யின் நாவலில் ஒரு தாளே துப்பாக்கியின் வேலையைச் செய்துவிடுகின்றது. எனக்கு இதுவே மிகுந்த அச்சத்தைத் தந்தது.

நந்தியின் 'மலைக்கொழுந்து', யோ. பெனடிக்ற் பாலனின் 'சொந்தக்காரன்' ஆகியவை 1960-களில் வந்தவை. வடபுலத்து எழுத்தாளர் மலையகத்தைக் கருணையோடு நோக்கியமைக்கு இவை சான்று. பாலன் தம் நூலுக்கு இட்ட பெயரே உரிமை வினாவை எழுப்பிவிடுகின்றது. 1970-களில் இந்திய நூல்களின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது வீரகேசரி நிறுவனம் உள்ளூர் நாவல்களை மலிவு விலையில் தொடர்ந்து வெளியிட்டது. தெளிவத்தை ஜோசப்பின் 'காலங்கள் சாவதில்லை' (1974), தி. ஞானசேகரனின் 'குருதிமலை' (1979) ஆகிய இரண்டும் அவ்வரிசையில் வந்தவையே.

ஜோசப் தாம் பணியாற்றிய தோட்டத்தின் பெயரையே தம் பெயரோடு இணைத்துக்கொண்டவர். அவர் நூல்களில் லயம் வெளியிலிருந்து காட்டப்படுவதில்லை; வாசகன் இஸ்தோப்பிலே குனிந்து உள்ளே நுழைய வேண்டும். புகழ்பெற்ற 'மீன்கள்' என்னும் சிறுகதையில், மூத்தோரும் இளையோரும் ஒரே அறையில் உறங்க நேர்வதால் விளையும் நாணக்கேட்டை அவர் எழுதியுள்ளார். நாவலிலும் அதே கண்தான் வேலை செய்கின்றது. அடக்குமுறை துரையின் பங்களாவிலிருந்து மட்டும் இறங்கி வரவில்லை. கங்காணியிடமும் கணக்கப்பிள்ளையிடமும் அது தமிழ் பேசுகின்றது. ஒரே கோயிலில் விபூதி பூசிக்கொள்கின்றது. இதனைச் சொல்வதற்குத் தோட்டத்துள் வாழ்ந்தவனின் துணிவு வேண்டும். வெளியார் எழுதிய நாவல்களில் மக்கள் அனைவரும் ஒரே முகத்தோடு துன்புறுவர். ஜோசப்பின் மக்களிடையே அற்பரும் உளர், கோள்சொல்பவரும் உளர், நகைச்சுவையாளரும் உளர்.

'குருதிமலை'யின் பெருமை வேறு வகையானது. 1972, 1975-ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. தோட்டக் காணிகளைத் துண்டாடி வெளியார்க்குப் பகிர்ந்தளிக்கும் முயற்சிகள் எழுந்தன. தொழிலாளர் எதிர்த்து நின்றனர். 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானது அப்போராட்டத்திலேதான். தோட்டத்து வைத்தியராக இருந்த ஞானசேகரன் அக்காலத்துக் கொந்தளிப்பையே கதையாக்கினார். 'தூரத்துப் பச்சை'யில் மலை, மக்களை விழுங்கும் இடம். 'வீடற்றவ'னில் வெளியேற்றும் இடம். இந்நாவலிலேதான் உறுதிப்பத்திரம் ஏதுமின்றி ஒரு தலைமுறை மலையின் முன் நின்று அதனைத் தமது என்கின்றது. கன்று நட்டவர், கவ்வாத்து வெட்டியவர், கான் வெட்டியவர், தம் பெற்றோரை அம்மண்ணிலேயே புதைத்தவர் என்பதன்றி அவர்களிடம் வேறு ஆதாரம் இல்லை. வழக்கு மன்றம் இதனை ஏற்குமோ அறியேன், நாவல் ஏற்கின்றது.

இந்நாவல்களில் குறைகள் இல்லாமலில்லை. பாத்திரங்கள் சில வேளைகளில் ஆசிரியர் குரலிலேயே மேடைப்பேச்சு நிகழ்த்துகின்றனர். பெண்களின் நிலை அதனினும் பெரிய குறை. மலையிற் கொழுந்து பறிப்போர் பெரும்பாலும் பெண்கள். விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டிப் பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுப் பெரட்டுக்கு ஓடுபவரும் அவர்களே. ஆயினும் இந்நூல்களில் முடிவெடுப்பவன் பெரும்பாலும் ஓர் இளைஞன். பெண் காத்திருக்கின்றாள், அழுகின்றாள் அல்லது இறக்கின்றாள். கோகிலம் சுப்பையா ஒருவரே பெண்ணை நடுவில் நிறுத்தினார். அவரும் கொழுந்து பறித்தவர் அல்லர். கூடை சுமந்தவள் எழுதிய நாவலைப் படிக்க நான் விரும்புகின்றேன்.

இறுதியாகப் படித்தது ஜோசப்பின் 'குடை நிழல்'. 2013-ஆம் ஆண்டின் விஷ்ணுபுரம் விருதைப் பெற்ற இவர், 2022-இல் மறைந்தார். இந்நாவலில் தேயிலைச்செடி இல்லை. மலையகத்திலிருந்து தலைநகருக்கு வந்து குடியேறிய தமிழன் ஒருவன் ஐயத்தின்பேரில் கைதுசெய்யப்படுகின்றான். வெண்கொற்றக்குடையின் நிழல் குடிகளைக் காப்பது எனப் புறநானூற்றுப் புலவர் மன்னரை வாழ்த்தினர். அம்மரபை அறிந்த வாசகனுக்குத் தலைப்பிலுள்ள கசப்பு உடனே நாவில் படும். லயத்தை விட்டு வந்தவனுக்கு நகரத்து வீட்டின் கதவும் நள்ளிரவில் தட்டப்படக்கூடிய கதவே. 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடற்றோர் என்னும் பெயர் நீங்கிற்று. ஆனால் லயக் காம்பராக்கள் இன்னும் உள்ளன. பெருந்தொகையான குடும்பங்கள் அவற்றிலேயே வாழ்கின்றன.

இவற்றைத் தேடிப் படிக்க விரும்பும் மாணவர்க்கு ஒரு செய்தி. வீரகேசரி வெளியீடுகளின் பழைய படிகள் கடைகளிற் கிடைப்பது அருமை. ஈழத்து நூல்களை மின்வடிவில் தொகுத்துவைக்கும் 'நூலகம்' திட்டத்திலே பழைய வெளியீடுகள் பலவற்றைப் படிக்கலாம். 'தூரத்துப் பச்சை'யை ஆசிரியரே ஆங்கிலத்தில் 'மிராஜ்' என எழுதியுள்ளார். எனினும் தமிழிலேயே படிப்பது நன்று. பெரட்டு, காம்பரா, பத்துச்சீட்டு என்னும் சொற்களுக்கு ஆங்கிலத்தில் பொருள் கூறலாம். நல்லதண்ணி லயத்திலே அவை ஒலிக்கும் விதத்தை அங்கே கேட்க இயலாது.