சராசரி மழையை நம்பிச் சம்பா பயிரிடலாமா?

ஆடியில் மழை விழுந்து புழுதி உழவு முடிந்ததும், ஏரிப்பாசன விவசாயி ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். ஏரிக்குத் தண்ணீர் வருவது ஐப்பசி, கார்த்திகையில்தான். ஆனால் புழுதி விதைப்பில் நெல்லை எத்தனை ஏக்கரில் போடுவது என்பதை ஆடி, ஆவணியிலேயே தீர்மானிக்க வேண்டும். விதை, உழவு, உரம், களைக் கூலி ஆகியவற்றுக்குப் பணம் முன்கூட்டியே போய்விடுகிறது. பலருக்கு அது நகையை அடகு வைத்து வாங்கிய பணம். வடகிழக்குப் பருவமழை போதாமல் போனால், கதிர் பால் பிடிக்கும் சமயத்தில் மதகில் தண்ணீர் இராது.

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் வழியில், செய்யாற்றின் கரையில் உள்ள மாகறலிலும் சுற்றியுள்ள ஏரிப்பாசனக் கிராமங்களிலும் ஆண்டுதோறும் எழும் கேள்வி இதுவே. "இங்கே சராசரி மழை எவ்வளவு?" என்று கேட்டு அதை வைத்து முடிவு செய்வது வழக்கம். ஆனால் சராசரி மட்டும் போதாது. அந்த அளவு மழை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை கிடைக்கிறது என்பதையும் அறிய வேண்டும்.

குடவோலை காட்டும் வழி

இக்கணக்கை விளங்கிக்கொள்ள உத்திரமேரூரிலேயே நல்ல எடுத்துக்காட்டு உள்ளது. முதலாம் பராந்தக சோழனின் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறையை விவரிக்கின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உடையவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு ஓர் ஓலையை எடுக்கச் செய்தனர். இவ்வாறு தேர்ந்தவர்களில் 6 பேர் ஏரி வாரியத்தில் அமர்ந்து ஏரியைக் கவனித்தனர்.

ஒரு குடத்தில் 10 ஓலைகள் இருந்தால், ஒருவர் பெயர் வருவதற்கு உள்ள வாய்ப்பு பத்தில் ஒன்று. இதுதான் நிகழ்தகவு எனப்படுவது. மழைக்கும் இதே கணக்கைப் போடலாம். வித்தியாசம் ஒன்றே. மழையின் குடத்தில் என்னென்ன ஓலைகள் உள்ளன என்பது நமக்குத் தெரியாது. ஆகவே கடந்த ஆண்டுகளின் மழை அளவையே ஓலைகளாகக் கொள்ள வேண்டும். ஓர் ஆண்டுக்கு ஓர் ஓலை.

இருபது ஓலைகள்

பயிற்சிக்காக, ஒரு கிராமத்தில் 20 ஆண்டுகள் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்த மழை, குறைந்ததிலிருந்து கூடியது வரை, கீழ்க்கண்டவாறு இருப்பதாக வைத்துக்கொள்வோம் (மி.மீ. அளவில்):

210, 280, 340, 370, 410, 440, 460, 480, 500, 520, 540, 560, 610, 640, 680, 730, 790, 860, 980, 1,200.

இவற்றை வகுப்புகளாகப் பிரித்து எண்ணினால் கிடைப்பது அலைவெண் பட்டியல்:

300-க்குக் கீழ் — 2 ஆண்டுகள்
300 முதல் 449 வரை — 4 ஆண்டுகள்
450 முதல் 599 வரை — 6 ஆண்டுகள்
600 முதல் 749 வரை — 4 ஆண்டுகள்
750 முதல் 899 வரை — 2 ஆண்டுகள்
900-ம் அதற்கு மேலும் — 2 ஆண்டுகள்

எல்லாவற்றையும் கூட்டினால் 11,600. இருபதால் வகுத்தால் சராசரி 580 மி.மீ. இப்போது மேலே உள்ள வரிசையைப் பாருங்கள். 580 மி.மீ. அல்லது அதற்கு மேல் மழை பெய்தது 8 ஆண்டுகளில் மட்டுமே. 12 ஆண்டுகளில் சராசரி அளவு கிடைக்கவில்லை. வெள்ளம் வந்த ஓரிரு ஆண்டுகள் சராசரியை மேலே தூக்கிவிட்டன. அந்த மழை கலங்கல் வழியாக ஓடிப்போனது. பயிருக்கு உதவவில்லை. ஆனால் கணக்கில் மட்டும் நிற்கிறது.

ஆகவே 580 மி.மீ. மழையை நம்பி நிலம் முழுவதும் நெல் விதைப்பவர், 100-க்கு 60 பங்கு ஏமாற வாய்ப்பு உள்ளது.

நம்பத்தக்க மழை

சிறு விவசாயி பார்க்க வேண்டியது நம்பத்தக்க மழை அளவு. நான்கு ஆண்டுகளில் மூன்று ஆண்டுகளாவது, அதாவது 75 சதவீதம் கிடைக்கக்கூடிய அளவு எது என்று காண வேண்டும். 20 ஆண்டுகளில் முக்கால் பங்கு 15 ஆண்டுகள். மேற்கண்ட வரிசையில் பெரிய எண்ணிலிருந்து பின்னோக்கி 15 எண்களை எண்ணினால் 440 மி.மீ. வருகிறது. இதுவே அக்கிராமத்தின் நம்பத்தக்க மழை.

அடுத்து, 440 மி.மீ. அளவில் மழை பெய்த ஆண்டுகளில் ஏரி எவ்வளவு நிரம்பியது, எத்தனை ஏக்கருக்குக் கடைசி வரை தண்ணீர் பாய்ந்தது என்று பார்க்க வேண்டும். நெல்லை அந்தப் பரப்பில் நிறுத்திக்கொள்வது நலம். நெல்லுக்குச் சுமார் 1,200 மி.மீ. நீர் தேவைப்படும்போது, நிலக்கடலைக்கு ஏறத்தாழ 500 மி.மீ. போதும். உளுந்துக்கு இன்னும் குறைவு. எஞ்சிய நிலத்தில் இவற்றைச் சேர்த்துக்கொண்டால், மழை குறைந்தாலும் கை முழுவதும் காலியாகாது.

இவ்வாறு செய்தாலும் 20-ல் 5 ஆண்டுகள் தவறத்தான் செய்யும். அந்த ஆண்டுகளுக்காகவே பயிர்க் காப்பீடு, சேமித்த விதைநெல், வைக்கோல் போர் ஆகியவை வேண்டும்.

"போன வருடம் பொய்த்தது, இந்த வருடம் பெய்யும்"

இப்படிச் சொல்லித் துணிந்து விதைப்பவர்கள் உண்டு. குடவோலை முறையில் ஒருமுறை வாரியத்தில் இருந்தவர் அடுத்த மூன்று ஆண்டுகளுக்கு நிற்க முடியாது. மழைக்கு அந்த விதி கிடையாது. எடுத்த ஓலை மீண்டும் குடத்துக்கே போகிறது. மேற்கண்ட பட்டியலில் 450 மி.மீ.க்குக் குறைவான ஆண்டுகள் 6. அதாவது பத்தில் மூன்று பங்கு வாய்ப்பு. சென்ற ஆண்டு மழை பொய்த்திருந்தாலும் இந்த ஆண்டும் அதே பத்தில் மூன்று பங்குதான் என்று கொள்வதே பாதுகாப்பானது. அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் குறைவதற்கு, பத்தில் மூன்றைப் பத்தில் மூன்றால் பெருக்க, நூற்றில் ஒன்பது பங்கு வாய்ப்பு உண்டு. இது அரிது, ஆனால் வராதது அல்ல.

சராசரி எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு அண்மைக் காலமே சான்று. 2015-ல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 53 சதவீதம் கூடுதலாகப் பெய்தது. காஞ்சிபுரம் மாவட்டம் வெள்ளத்தில் தவித்தது. அடுத்த ஆண்டே, 2016-ல், அது 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. இயல்பு மழையை 100 என்று கொண்டால், முதல் ஆண்டு 153, அடுத்த ஆண்டு 38. இரண்டின் சராசரி 95-க்கு மேல். காகிதத்தில் குறை ஏதும் இல்லை. கழனியில் ஓர் ஆண்டு பயிர் அழுகியது, மறு ஆண்டு காய்ந்தது.

மழைக் கணக்கு எழுதுவது எப்படி?

உத்திரமேரூர் வட்டாரத்தின் பழைய மழை அளவுகளை வட்டாட்சியர் அலுவலகத்திலோ, வேளாண்மை விரிவாக்க மையத்திலோ கேட்டறியலாம். 10 ஆண்டுக் கணக்கு போதாது. 20 முதல் 30 ஆண்டுகள் வரை இருந்தால் நல்லது.

ஊரில் ஒரு மழைமானி வைத்துக்கொள்ளலாம். அது இல்லாவிடில், பக்கங்கள் நேராக உள்ள தட்டை அடிப் பாத்திரம் ஒன்றை மரம், சுவர் மறைக்காத வெளியில் வைத்து, நாள்தோறும் காலை 8.30 மணிக்குத் தேங்கிய நீரின் ஆழத்தை அளவுகோலால் அளக்கலாம். 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்த நாளே மழை நாள். ஒரு ஏக்கரில் 1 மி.மீ. மழை என்பது சுமார் 4,000 லிட்டர் தண்ணீர்.

மழை அளவுடன், ஏரி நிரம்பிய தேதி, கலங்கல் ஓடியதா, கடைமடைக்குத் தண்ணீர் எந்த மாதம் வரை வந்தது என்பவற்றையும் எழுதிவைக்க வேண்டும். மார்கழிக் கடைசியில் ஏரியின் நீர்மட்டம் கண்ணுக்குத் தெரியும். நவரைக்கு அதை அளந்து முடிவு செய்தால் போதும். ஆடியில் எடுக்கும் முடிவுக்குத்தான் வாய்ப்புக் கணக்கு வேண்டும்.

ஒரு பள்ளி நோட்டும் பென்சிலும் இதற்குப் போதும். பாசனத்தார் ஒன்றுகூடி இந்த ஆண்டே எழுதத் தொடங்கினால், அவர்கள் பிள்ளைகள் விதைக்கும் காலத்தில் இருபது ஓலைகளும் கையில் இருக்கும்.