அங்கி மாறினால் துறவு மாறிவிடுமா?

கன்னியாஸ்திரீ என்றதும் நம் கண் முன்னே வருவது நீண்ட அங்கியும் முக்காடும்தான். சாதாரணக் கலர்ப் புடவையில் ஒரு சிஸ்டரைப் பார்த்துவிட்டால், "இதென்ன, சிஸ்டர் மாதிரியே தெரியலையே!" என்று மூக்கின் மேல் விரலை வைக்கிறோம். இது நம் திண்ணைப் பேச்சோடு நிற்கிற விஷயமில்லை. பழைய முறையா, புது முறையா என்று கத்தோலிக்க மடங்களுக்குள்ளேயே அறுபது வருஷமாக நடக்கிற வழக்கு.

முதலில் உடையையே பார்ப்போம். 1633-ல் பிரான்ஸில் வின்சென்ட் தெ பால் என்ற குருவும், லூயிஸ் தெ மரியாக் என்ற விதவையும் 'டாட்டர்ஸ் ஆஃப் சாரிட்டி' சபையைத் தொடங்கினார்கள். மதிலுக்குள் அடைந்து கிடக்காமல் வீடு வீடாகப் போய் ஏழை நோயாளிகளைக் கவனித்தவர்கள் இந்த சிஸ்டர்கள். அவர்கள் உடுத்தியது அந்தக் காலத்துக் கிராமத்துப் பெண்களின் உடைதான். ஊர்ப் பெண்களின் உடை நாளாவட்டத்தில் மாறிவிட்டது. மடத்துத் தலைத்துணியோ கஞ்சி போட்டு விறைத்து, பறவை சிறகை விரித்த மாதிரி ஆகிவிட்டது! 1964 செப்டம்பர் 20-ந் தேதிதான் அதை விட்டார்கள்.

நம் நாட்டில் அன்னை தெரசா செய்ததும் இதுதானே? 1948-ல் லொரெட்டோ மடத்து அங்கியை விட்டு, கல்கத்தா ஏழைப் பெண்கள் கட்டுகிற நீலக்கரை போட்ட வெள்ளைப் புடவையைக் கட்டிக்கொண்டார். இன்று அந்தப் புடவையே சபையின் அடையாளம். உடை புதுசு, மடத்துக்குள்ளே ஜெபம், ஏழ்மை, கீழ்ப்படிதல் எல்லாம் பழைய கண்டிப்புடன்தான்.

அந்தக் கண்டிப்பு எப்படிப்பட்டது? 1950-களின் அமெரிக்க மடங்களை எடுத்துக்கொள்ளுங்கள். விடியுமுன் மணியடித்தால் எழுந்துவிட வேண்டும். இரவு ஜெபத்திலிருந்து மறுநாள் காலைவரை மௌனம். வெளியே போனால் துணைக்கு இன்னொரு சிஸ்டர். வீட்டுக் கடிதத்தை மதர் பிரித்துப் பார்த்த பிறகுதான் கையில் கிடைக்கும். பெற்ற தாய் இறந்தால்கூட அனுப்பாத சபைகள் இருந்தன.

1965-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், ஒவ்வொரு சபையும் தன்னை ஆரம்பித்தவரின் நோக்கத்துக்குத் திரும்ப வேண்டும், காலத்துக்கு ஏற்றபடி மாறவும் வேண்டும் என்றது. உடை எளிமையாக, ஆரோக்கியத்துக்கும் வேலைக்கும் பொருந்துவதாக இருக்கட்டும் என்றது.

சொல்வது சுலபம், நடந்தது வேறு. 1967-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் இம்மாகுலேட் ஹார்ட் சிஸ்டர்கள் கூடிப் பேசி, உடையும் ஜெப நேரமும் அவரவர் தீர்மானம், முழுப் பயிற்சி பெறாத சிஸ்டரைப் பாடம் நடத்த அனுப்புவதில்லை என்று முடிவெடுத்தார்கள். கர்தினால் மெக்கின்டயர் ஒப்பவில்லை. விஷயம் ரோமாபுரி வரை போயிற்று. 1970-ல் 300-க்கும் மேற்பட்டவர்கள் வார்த்தைப்பாடுகளிலிருந்து விடுபட்டு, தலைவி அனிதா காஸ்பரியுடன் தனிச் சமூகமானார்கள். ஒரு சிறு குழு பழைய ஏற்பாட்டிலேயே தங்கிற்று. ஒரே பந்தியில் சாப்பிட்டவர்கள் இரண்டாகப் பிரிவதென்றால் எத்தனை வேதனை!

1965-ல் அமெரிக்காவில் சுமார் 1,80,000 சிஸ்டர்கள். 2014-ல் 50,000-க்கும் கீழே. புது முறையால்தான் இப்படி என்பவர்கள் உண்டு. படித்த பெண்ணுக்கு வெளியே வேறு கதவுகள் திறந்ததையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஆனாலும், முழு அங்கி அணிகிற நாஷ்வில் டொமினிக்கன் மடத்தில் இன்றும் இளம் பெண்கள் சேர்கிறார்கள். சேர்ந்து ஜெபிப்பது, சேர்ந்து வாழ்வது என்ற அந்தப் பழைய கட்டுக்கோப்பில் ஏதோ ஒரு பலம் இருக்கத்தான் செய்கிறது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. சொற்ப ஊதியத்துக்கு ஆயுசு பூரா உழைத்த வயதான சிஸ்டர்களுக்குச் சேமிப்பு போதவில்லை. 1988 முதல் அமெரிக்கக் கோயில்களில் வருஷந்தோறும் அவர்களுக்காகக் காணிக்கை எடுக்கிறார்கள். முதுமையில் மருந்துக்கும் கஞ்சிக்கும் வழி வேண்டுமே! அதை அங்கியும் தராது, புடவையும் தராது.

என்னைக் கேட்டால், ஜெபமும் மௌனமும் கூடி வாழ்வதும் பழையவை, அவை இருக்கட்டும். கடிதத்தைப் பிரிப்பதும், தாய் முகம் பார்க்க விடாததும் பழையவைதான், அவை போகட்டும்.

"அம்மா, நான் மடத்தில் சேர்றேன்" என்று மகள் வந்து நின்றால் பதற வேண்டாம், தாய்மார்களே. சபைச் சட்டப்படி நவகன்னிப் பயிற்சி குறைந்தது 12 மாதம், பிறகு தற்காலிக வார்த்தைப்பாடு குறைந்தது 3 வருஷம். 21 வயது நிரம்பாமல் நிரந்தர வார்த்தைப்பாடு கிடையாது. யோசிக்க அவளுக்கும் நேரம் உண்டு, நமக்கும் உண்டு. மதரிடம் உடையைப் பற்றிக் கேட்பதைவிட, இவற்றைக் கேளுங்கள்: மேலே படிக்க வைப்பீர்களா? வீட்டில் நோய்நொடி என்றால் அனுப்புவீர்களா? உங்கள் மடத்து வயதான சிஸ்டர்களை நான் ஒருமுறை பார்க்கலாமா?